இருபத்தைந்தாம் நம்பர் ஊசி

"ஏனுங்க டாக்டர், ஊசி என்ன நம்பருங்க?"

போன வாரம் ஒரு மருத்துவமனையில் என் தங்கை கணவர் செந்தில் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் கூடச் சொல்லவில்லை. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தார், அதற்குள் கேட்டுவிட்டார்.

எதிரே இருந்தவர் மயக்க டாக்டர். நடுத்தர வயது, சிரித்த முகம், மேஜையில் பாதி குடித்த டீ. மறுநாள் காலை கோமதிக்கு சிசேரியன். கோமதி என் சித்தி மகள். என்னைவிட ரொம்பச் சின்னவள், எனக்குத் தங்கை என்பதைவிட மூத்த மகள் என்று சொல்லலாம். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, ஆள் முழித்திருக்கும்போதே ஆபரேஷன். அதைப் பற்றி ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று எங்களை அழைத்திருந்தார்கள்.

சந்தேகமா? செந்திலிடம் ஒரு வண்டி இருந்தது.

"இருபத்தஞ்சுங்க" என்றார் டாக்டர் சாதாரணமாக. சொல்லிவிட்டு டீயை எடுத்தார்.

செந்தில் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே! ரத்தம் மொத்தமும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. மெதுவாக எழுந்தார்.

"அக்கா, எந்திரிங்க. கோமு, நீயும் எந்திரி. போலாம்."

இந்த இடத்தில் செந்திலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். (சொன்ன பிறகும் நினைக்கலாம். உங்கள் இஷ்டம்.)

அவர் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அங்கே ஊசிக்கு அவர்தான் பொறுப்பு. அதென்ன ஊசிக்குப் பொறுப்பு? தையல் மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் டெய்லர் உடனே கையைத் தூக்க வேண்டும். மிஷின் நிற்கும். செந்தில் வருவார். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, ஒரு தாளில் பொருத்தி, டேப் ஒட்டி, முழு ஊசியும் வந்துவிட்டதா என்று பார்ப்பார். முனை மட்டும் காணோமா? அவ்வளவுதான்... அந்தப் பக்கம் இருக்கும் துணி மொத்தத்தையும் இரும்பு இருந்தால் கத்துகிற கருவியால் தடவிப் பார்க்கும்வரை யாரும் அசையக்கூடாது.

"பச்சப் புள்ள போடற சட்டைங்க. உள்ளாற ஊசி முனை இருந்தா என்னத்துக்கு ஆகறது?" என்று கேட்பார். நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால் வீட்டிலும் இதே சட்டம் என்றால்? ஒரு பொங்கலுக்கு கோமதி ரவிக்கைக்கு ஊக்குத் தைக்கும்போது ஊசியைத் தொலைத்துவிட்டாள். பொங்கல் பொங்கி வழிந்து, ஆறி, கட்டியாகிவிட்டது. செந்தில் கையில் காந்தத்தோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். விருந்துக்குப் போன நானும் தவழ்ந்தேன்.

சரி, அவர் ஏன் வெளிறிப் போனார்? தையல் மிஷின் ஊசிக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக்கூட ஊசி தடிமன். பனியன் துணிக்கு ஒன்பது, பதினொன்று. ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிக்குப் பதினெட்டு. செந்தில் கணக்கில் இருபத்தைந்து என்றால், அது ஊசியே இல்லை. கடப்பாரை.

"ஏனுங்க, நாங்க கித்தானுக்கே அந்த நம்பர் போடமாட்டமுங்க! அவ முதுகு என்ன லாரித் தார்ப்பாயிங்களா?"

டாக்டருக்கு எதுவும் புரியவில்லை. டீ கையிலேயே நின்றது. எனக்கும் புரியவில்லை. சிலருடைய பயம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை, இல்லையா?

கோமதிக்குப் புரிந்துவிட்டது. அவள் வேறொரு கம்பெனியில் நூல் வாங்குகிற பிரிவில் இருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"டாக்டர், உங்க ஊசியில நம்பர் எச்சானா, ஊசி சன்னமாகுமுங்களா?"

"ஆமாங்க கண்ணு. இருபத்தஞ்சுங்கறது ரொம்பச் சன்னம்."

"அவ்வளவுதானுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "நூல் கவுண்ட் மாதிரி நெனச்சுக்குங்க. இருபதாம் நம்பர் நூலு மொத்தம். நாப்பதாம் நம்பர் நூலு சன்னம். இதும் அப்படித்தான். ஒக்காருங்க."

செந்தில் உட்கார்ந்தார். பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் எதையும் நூல் கவுண்ட் வைத்துச் சொன்னால் புரியாத ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கை இப்படி நடத்தியிருந்தால் நான்கூடப் பாஸ் பண்ணியிருப்பேன்.

ஆனால் கேள்வி தீரவில்லை.

"முனை எப்படிங்க? ஷார்ப்புங்களா? பால் பாயிண்ட்டுங்களா?"

டாக்டர் இந்த முறை டீயைக் கீழேயே வைத்துவிட்டார். "அதை ஏனுங்க கேக்கறீங்க?"

"ஷார்ப்புன்னா பனியன் துணியில நூல வெட்டிப்போடுமுங்க. வெட்டுன எடத்துல ஓட்டை உழுந்துரும். மொட்டை முனைன்னா நூல அக்கட்ட இக்கட்ட வெலக்கிக்கிட்டு உள்ள போயிரும். எடுத்தா துணி மறுக்கா மூடிக்குமுங்க."

டாக்டர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"நாங்க போடறதும் அதேதானுங்க! பென்சில் முனை மாதிரி இருக்கும். உள்ள இருக்கற சவ்வ வெட்டாது, நாரை வெலக்கிட்டுப் போகும். அதனால பின்னாடி தலைவலி வர்றதும் கம்மி."

"அப்ப ஓட்டை உழாதுங்க" என்றார் செந்தில். தைத்து வந்த முதல் சாம்பிளுக்கு ஓகே சொல்வதைப் போலத் தலையாட்டினார். டாக்டரும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தொழில் மரியாதை உண்டாகிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "எப்பவாச்சும் ஒருத்தருக்கு இந்த ஊசி சரியாப் பிடிக்காதுங்க. அப்பிடியிருந்தா முழு மயக்கம் குடுத்துத்தான் செய்யோணும். பயப்பட ஒண்ணுமில்லீங்க."

எல்லாரும் தலையாட்டினோம். கோமதி மட்டும் ஆட்டவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அவள் ஏன் ஆட்டவில்லை என்பதைச் சொல்ல, ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

மூத்தவள் மகிழினி பிறந்தபோது திடீரென்று சிக்கலாகி, அவசர ஆபரேஷன். நேரமில்லை என்று முழு மயக்கம் கொடுத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள், அதற்கு அந்த டாக்டர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் கோமதி கண் விழித்தபோது என்னவெல்லாம் முடிந்திருந்தது தெரியுமா?

குழந்தையை ஊரே பார்த்துவிட்டது. யார் ஜாடை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடி, அப்பா ஜாடைதான் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போய், துபாயிலிருந்து வாழ்த்து வந்துவிட்டது. வாசலில் இருந்த வாட்ச்மேன்வரை எடை சொல்கிறார். பெற்றவள் கடைசியாகப் பார்த்தாள். அதுவும் பாதி மயக்கத்தில், பக்கத்துக் கட்டில் குழந்தையைக் காட்டி "இதுதானா?" என்று கேட்டிருக்கிறாள்!

நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். கோமதியும் சிரிப்பாள். போன மாதம் ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, அவ மொதல் மொதல்ல அழுதப்ப நான் எங்க இருந்தேன்னே எனக்குத் தெரியலக்கா. பத்து மாசம் நான் சொமந்தேன். அந்தச் சத்தத்த ஆரோ கேட்டாங்க. நான் கேக்கல. இந்தத் தடவ எனக்கு அது வேணும்."

ஐந்து வருடமாக நாங்கள் ஜோக் என்று நினைத்தது அவளுக்கு ஜோக்காக இருந்ததே இல்லை.

ஆனால் வீட்டில் ஒரு பெரிய எதிர்க்கட்சி இருந்தது. தலைவி என் சித்தி, கோமதியின் அம்மா. குண்டடத்திலிருந்து முருங்கைக்காய், தேங்காய், அரிசி எல்லாம் கட்டிக்கொண்டு பிரசவம் பார்க்க வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"முதுகுத் தண்டுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு நோவு போகாது சாமி. ஒழுங்காத் தூங்க வெச்சே பண்ணச் சொல்லு."

இதற்குச் சாட்சிகள் வேறு. பக்கத்து வீட்டு சாரதா வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்த ஊசி போட்டதுல இருந்து என்ற இடுப்பு என்னோடதே இல்லீங்க."

"நீ என்ன வேலை சாரதா பண்றே?" என்று கேட்டேன்.

"ஓவர்லாக் மிசினுங்க. காலைல ஒக்காந்தா பொழுது சாயறவரைக்கும் எந்திரிக்க முடியாது."

"ஸ்டூலுக்குச் சாய்மானம் உண்டா?"

"ஸ்டூலுக்கு ஏதுங்க சாய்மானம்?"

பார்த்தீர்களா? நாள் முழுக்கக் கூன் போட்டு உட்காருகிற ஸ்டூலுக்குக் கெட்ட பெயர் இல்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சுமந்ததற்குக் கேள்வி இல்லை. தண்ணீர்க் குடத்துக்கு இல்லை. எப்போதோ ஒரு காலைப் பொழுதில் வந்து போன ஊசி மட்டும் நிரந்தரக் குற்றவாளி! எனக்கும்தான் முதுகு வலிக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம். இந்தப் பத்தியை வாராவாரம் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுவதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. எனக்கும் ஒரு ஊசி கிடைத்திருந்தால் வசதியாகப் பழி போட்டிருப்பேன்.

சித்தியிடம் கோமதி ஒரே வார்த்தையில் முடித்தாள். "நோவட்டும். நான் முழிச்சிருக்கோணும்."

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை ஆபரேஷன். துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்றார்கள். செந்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க வேண்டாமுங்க" என்றாள் கோமதி. "டாக்டர் கையில இருக்கற ஊசியப் புடுங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பீங்க. அக்கா வரட்டும்."

அக்கா என்றால் நான். தடுப்பூசி முகாம் என்றாலே பக்கத்துத் தெருவழியாகச் சுற்றிப் போகிற நான்!

தொப்பி போட்டார்கள். முகக்கவசம் போட்டார்கள். மூச்சு விட்டதில் என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று விட்டுவிட்டேன். உள்ளே மார்கழி மாதிரிக் குளிர். கோமதி மேஜை ஓரத்தில் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மயக்க டாக்டர்.

"முதுக வெளிய தள்ளுங்க கண்ணு. நல்லாக் குனிங்க. இன்னும்... இன்னும்..."

"வயித்துல ஆள் இருக்குதுங்க டாக்டர். எங்கீங்க குனியறது?"

"அந்த ஆளையும் சேத்துக் கட்டிப்புடிச்சுட்டுக் குனிங்க."

முதலில் தோல் மரக்க ஒரு சின்ன ஊசி. பிறகு அந்த இருபத்தைந்து. நான் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சுதுங்க" என்றார் டாக்டர். முடிந்ததா? இதற்கா ஒரு மாதம் சண்டை போட்டோம்?

"கால் சூடாகுதுக்கா" என்றாள் கோமதி. அவளைப் படுக்க வைத்தார்கள். மரத்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் ஒரு பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தார்.

"ஜில்லுனு தெரியுதுங்களா?"

"இல்லீங்க! சுத்தமாத் தெரியலீங்க!"

"இன்னும் வெக்கவே இல்லையே கண்ணு."

உள்ளே இருந்த நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரிப்பது தோளில் தெரிந்தது. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். "சரி, காலைத் தூக்குங்க பாக்கலாம்."

"முடியலீங்க டாக்டர். மரக்கட்டையாட்டம் கெடக்குது."

மரக்கட்டையின் கட்டைவிரல் அங்கே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் அந்த விரலைப் பார்த்தார், நான் பார்த்தேன், நர்ஸ் பார்த்தார். கோமதி மட்டும் கூரையைப் பார்த்தாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். "எதுக்குக் கண்ணு பொய் சொல்றீங்க?"

கோமதியின் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "மரக்கலீன்னு சொன்னா தூங்க வெச்சுருவீங்கல்லங்க... நேத்து சொன்னீங்களே. எனக்குத் தூங்க வேண்டாமுங்க. அது அழறத நான் கேக்கோணுமுங்க."

டாக்டர் அவள் நெற்றியில் கை வைத்தார்.

"இதக் கேட்டுக்குங்க. நீங்க நெசத்தச் சொன்னாத்தான் என்னால உங்கள முழிச்சிருக்க வெக்க முடியும். மரக்கறதுக்கு முன்னால மரத்துருச்சுனு சொல்லி, அவங்களும் கத்திய வெச்சா, நீங்க துடிப்பீங்க. அப்பத்தான் தூங்க வெக்கோணும். புரியுதுங்களா? ஊசிக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. உங்க சத்தம் எங்கயும் போகாது."

கோமதி தலையாட்டினாள். மறுபடி பஞ்சு.

"ஜில்லுனு இருக்குதுங்களா?"

"...லேசா இருக்குதுங்க."

நெசம் பேசியதற்கு அவள் முகத்தில்தான் எத்தனை பயம்! கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கேட்டார். "இப்ப?"

"தொடறது தெரியுது. ஜில்லு தெரியல."

"அதுதான் வேணும்" என்றார் டாக்டர். கால் விரல் தாளத்தை நிறுத்திவிட்டது.

நடுவில் திரை கட்டினார்கள். அந்தப் பக்கம் ஆபரேஷன், இந்தப் பக்கம் கோமதி தலையும் நானும். ஆபரேஷன் செய்கிற டாக்டரும் உதவி டாக்டரும் சாமளாபுரத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு சாம்பாரைப் பற்றியா பேசுவார்கள்? அதைவிட அதிர்ச்சி, திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கோமதி பேசினாள்.

"அந்த மண்டபத்துலீங்களா? அங்க பந்தி போடவே லேட்டாகுமுங்களே!"

"ஆமாங்க, நாங்களும் நின்னுக்கிட்டேதான் இருந்தோம்" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"வலிக்குதாடி?" என்று அவள் காதில் கேட்டேன்.

"இல்லக்கா. ஆரோ என்ற பீரோவுக்குள்ள கைய உட்டு எதையோ தேடற மாதிரி இருக்குது."

பீரோ! நான் அடக்க முடியாமல் நிமிர்ந்தேன். மேலே பெரிய விளக்கு. அதன் வட்டத்தில் அந்தப் பக்கத்துக் காட்சி கண்ணாடி போலப் பளிச்சென்று தெரிந்தது. மூக்குக்கண்ணாடியின் ஆவி அந்த நேரம் பார்த்தா கலைய வேண்டும்?

அறை ஒரு சுற்றுச் சுற்றியது.

"அக்கா, லைட்டப் பாக்காதீங்க! தங்கச்சி மொகத்தப் பாருங்க!" டாக்டர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "உங்களுக்கும் ஒண்ணு போடட்டுங்களா?"

"அக்கா, கையக் குடு" என்றாள் கோமதி. "பயப்படாத, நான் இருக்கறேன்."

வயிறு திறந்து கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். வாசகர்களே, உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? நான் கையைக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப மேல அமுக்குவோங்க, நெஞ்சு மேல ஆரோ ஒக்காந்த மாதிரி இருக்கும்" என்று குரல் வந்தது. கல்யாணச் சாப்பாட்டுப் பேச்சு நின்றுவிட்டது. ஏதோ உறிஞ்சுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. கோமதியின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. அவள் மூச்சுகூட விடவில்லை, காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த அமைதி ரொம்ப நேரம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. கடிகாரம் பார்த்தால் ஒன்றுமே இருந்திருக்காது.

அப்புறம்... கேட்டது.

முதலில் ஒரு தும்மல் போல. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு, ராங் சைடில் வந்த டூவீலர்காரனைத் திட்டுகிற மாதிரி, முழுக் கோபத்தோடு ஓர் அழுகை!

"அதுங்களா? அதுதானுங்களா?" கோமதி பதறினாள்.

"பின்ன, நானா அழறேன்?" என்றார் மயக்க டாக்டர். "பொண்ணுங்க."

திரைக்கு அப்பாலிருந்து யாரோ ஏதோ சொல்ல வந்தார்கள். நர்ஸும் ஏதோ கேட்டார்.

"இருங்க!" கோமதி போட்ட அதட்டலில் அறை அடங்கியது. "ஆரும் பேசாதீங்க. நான் கேக்கோணும்."

ஆபரேஷன் செய்தவர்கள் கை வேலை பார்த்தது, வாய் திறக்கவில்லை. ஒரு அறை முழுக்கப் படித்த மனிதர்கள், ஒரு துளிக் குழந்தை கத்துவதைக் கச்சேரி மாதிரி நின்று கேட்டார்கள். கோமதி சிரித்துக்கொண்டே அழுதாள். என் முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. குழந்தையைக் கொண்டுவந்து அவள் கன்னத்தோடு வைத்தபோது அது டக்கென்று அழுகையை நிறுத்திவிட்டது. "ஏன் நிறுத்திட்ட கண்ணு?" என்று கேட்டாள் பாருங்கள்... அவ்வளவு ஏக்கம் அந்தக் கேள்வியில்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். செந்தில் விடவில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தாயிற்று. கால் இன்னும் மரப்புதான். தலையணை வேண்டாம், நேராகப் படுக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தையைக் கொஞ்சி முடித்த செந்தில், லஞ்ச் பையைத் திறந்தார். சோறு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது சின்ன இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி. கம்பெனியில் துணிக்குள் ஊசி முனை தேடுகிற அதே கருவி!

"மேனேஜர்கிட்டச் சொல்லிட்டுத்தானுங்க எடுத்துட்டு வந்தேன்" என்றார் என் முகத்தைப் பார்த்து. "ஊசி முழுசா வெளிய வந்துருச்சானு ஒரு தடவ பாத்துட்டா, எனக்கும் நிம்மதி. கோமு, அசையாம இரு."

"நான் எங்கீங்க அசையறது?" என்றாள் கோமதி.

சிஸ்டர் ஓடி வந்தார். "ஏனுங்க, இதென்னங்க இது? கட்டிலே இரும்புங்க. எங்க வெச்சாலும் கத்தத்தான் செய்யும்!"

"அது எனக்குத் தெரியாதுங்களா சிஸ்டர்? மெத்தைக்கு அடியில இருக்கறதப் புடிக்காத மாதிரி கொறச்சு வெச்சிருக்கேனுங்க."

தோளில் வைத்தார். சத்தமில்லை. விலாவில் வைத்தார். இல்லை. இடுப்புப் பக்கம் கொண்டுபோனார்.

பீப் பீப் பீப் பீப்!

வார்டு மொத்தமும் திரும்பியது. எதிர்க்கட்டில்காரி வாயருகே கொண்டுபோன இட்லியோடு நின்றுவிட்டாள். செந்தில் மறுபடி வைத்தார். பீப்! கருவியைத் தட்டிவிட்டு வைத்தார். பீப்!

"சிஸ்டர்... முனை உள்ள நின்னுருச்சுங்க" என்றார் அழுகிற குரலில். "டாக்டரக் கூப்புடுங்க."

சிஸ்டருக்கும் முகம் மாறிவிட்டது. கோமதியை இரண்டு பேராகப் பிடித்து மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டர், வேறொன்றும் இல்லை. சிஸ்டர் பெட்ஷீட்டைத் தடவினார். ஏதோ தட்டுப்பட்டது. கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பிரித்தார். பாக்குவெட்டி.

நல்ல கனமான, கறுத்துப்போன, ஒரு சாண் நீளப் பாக்குவெட்டி.

எல்லாக் கண்ணும் ஒரே நேரத்தில் சித்தி பக்கம் திரும்பின. சித்தி ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

"பெத்த ஒடம்புக்குப் பக்கத்துல இரும்பு இருக்கோணும் சாமி. காத்துக் கருப்பு அண்டாது" என்றார் ஃபிளாஸ்க்கைப் பார்த்தபடி. "தலகாணிக்கு அடியில வெக்கலாம்னு கொண்டாந்தேன். தலகாணியே வேண்டாம்னுட்டாங்க. அதான் ஷீட்டுக்கு அடியில..."

"அதுமேலதான் நான் படுத்திருந்தனா?" கோமதி கண்ணை விரித்தாள். "எனக்குத் தெரியவே இல்லையே!"

எப்படித் தெரியும்? அந்த இடம்தான் ஊசியில் மரத்துக் கிடக்கிறதே! சிஸ்டர் சித்தியிடம் நல்லா நாலு வார்த்தை சொன்னார். "மரத்த ஒடம்புக்கு அடியில கட்டியா எதாச்சும் கெடந்தா அமுங்கிப் புண்ணாயிருமுங்கம்மா. அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நல்லவேளை இப்பவே பாத்தோம்." பிறகு செந்திலைப் பார்த்து, மனசில்லாமல், "தேங்க்ஸுங்க" என்றார்.

செந்தில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பாக்குவெட்டியைக் கையில் வாங்கி, இரண்டு முனையும் சரியாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சிஸ்டர், டேப் இருக்குதுங்களா?"

"என்னத்துக்குங்க?"

"கெடச்சத ஒரு தாள்ல ஒட்டி வெக்கோணுமுங்க."

கோமதிக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் போட்டிருக்குது!" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கோ இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருவர் இரும்பு இருந்தால்தான் மகள் பத்திரம் என்று நினைக்கிறார். இன்னொருவர் இரும்பு இல்லாவிட்டால்தான் மனைவி பத்திரம் என்று நினைக்கிறார். பயத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் மெத்தை அளவு இடைவெளிகூடக் கிடையாது போலும். பாவம், நடுவில் படுத்துக் கிடந்தவள் பாடுதான் திண்டாட்டம்.

மறுநாளிலிருந்து ஒறம்பரை வர ஆரம்பித்தது. ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டுமாக வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "முதுகுல ஊசி போட்டாங்களாமே? நோவுதா கண்ணு?"

கோமதி ஒருவருக்கும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"அத உடுங்க. இவ பொறந்தப்ப எப்படி அழுதா தெரியுமுங்களா? மொதல்ல இப்படி..." என்று தும்மிக் காட்டுவாள். பிறகு கரகரப்பு. பிறகு அந்த அழுகை. வார்டே அதிரும்படி நடித்துக் காட்டுவாள். அதில் குழந்தை எழுந்து நிஜமாகவே அழும். வந்தவர்கள், "ஓ, இப்படித்தானா?" என்பார்கள்.

"இல்லீங்க, இது வேற" என்பாள் கோமதி, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "அது இன்னும் நல்லா இருந்துச்சு. நாந்தான் மொதல்ல கேட்டேன்."

சாரதாவும் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தானுங்க கேட்டிருப்பீங்க?"

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சாரதா, அவதான் மொதல்ல" என்றேன். "எனக்குக் கொஞ்ச நாளாவே காது மந்தம்."